சூரியப் புயல் வந்தும் சில சமயம் ஒன்றும் நடக்காதது ஏன்?

1972 ஆகஸ்ட் 4 அன்று சூரியனில் வெடித்துக் கிளம்பிய பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற துகள்களால் ஆன வாயு) மேகம் ஒன்று 14.6 மணி நேரத்தில் பூமிக்கு வந்து சேர்ந்தது. இடையிலுள்ள 15 கோடி கி.மீ. தூரத்தை இதைவிட வேகமாகக் கடந்த மேகம் வேறு எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் காந்தப்புயலின் கடுமையைக் காட்டும் டிஎஸ்டி குறியீடு மைனஸ் 125 நானோடெஸ்லாவோடு நின்றுவிட்டது. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு; டிஎஸ்டி எவ்வளவு கீழே இறங்குகிறதோ புயல் அவ்வளவு கடுமை. 2015 மார்ச் 15 அன்று கிளம்பிய மேகமோ சாதாரணமானது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு வந்தது. ஜி1 முதல் ஜி5 வரை ஐந்து படிகள் கொண்ட புயல் அளவுகோலில் முதல் படியைத்தான் முன்னறிவிப்பாளர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். வந்ததோ நான்காம் படிப் புயல். டிஎஸ்டி மைனஸ் 220-க்கும் கீழே இறங்கியது.

'பூமியைத் தாக்க வருகிறது ராட்சத சூரியப் புயல்' என்று செய்தி வந்து, மறுநாள் ஒன்றுமே நடக்காமல் போகும்போது வாசகர் குழம்புவது நியாயம்தான். சூரியக் காற்று எத்தனை வேகத்தில் வந்தாலும், அது சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால்தான் பூமியின் கதவு நன்றாகத் திறக்கும். வடக்கு நோக்கியிருந்தால் கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும். வெறும் திசைக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சூரியக் காற்று எதைக் கொண்டுவருகிறது

சூரியனின் வெளிப்புற வளிமண்டலமான கரோனா பல லட்சம் டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் சூரியனின் ஈர்ப்பால் அதை முழுதாகப் பிடித்துவைக்க முடியாது. அது ஓயாமல் வெளியே வழிந்துகொண்டே இருக்கும். 1958-இல் யூஜின் பார்க்கர் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1962-இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 விண்கலம் வழி நெடுக அந்தக் காற்றை அளந்து சந்தேகத்தைத் தீர்த்தது.

பூமிக்கு அருகில் இந்தக் காற்றின் வழக்கமான நிலை இது: வேகம் வினாடிக்கு சுமார் 400 கி.மீ., அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 புரோட்டான் அளவு, காந்தப்புலம் 5 நானோடெஸ்லா அளவு. ஆய்வகத்தில் உருவாக்கும் நல்ல வெற்றிடத்தைவிடவும் இது வெறுமையானது. பூமியின் தரையில் காந்தப்புலம் இடத்துக்குத் தக்கபடி ஏறக்குறைய 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கிறது. அதன் முன்னால் இந்த 5 நானோடெஸ்லா ஒரு பொருட்டே இல்லை என்றுதான் தோன்றும்.

இந்தச் சின்னப் புலத்துக்குக் கோள்களிடைக் காந்தப்புலம் என்று பெயர். சூரியன் சுழன்றுகொண்டே காற்றை வெளியேற்றுவதால் இதன் கோடுகள் சுருள் வடிவில் வளைந்திருக்கும். பூமியின் தூரத்தில், சூரியனையும் பூமியையும் இணைக்கும் கோட்டுக்குச் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கும். இந்தச் சுருள் பெரும்பாலும் கோள்கள் சுற்றும் தளத்திலேயே படுத்திருப்பதால், சாதாரண நாட்களில் வடக்கு தெற்குக் கூறு சிறியது; அதுவும் அடிக்கடி மாறும். பெரிய தெற்குக் கூறு பொதுவாகச் சி.எம்.இ. எனப்படும் கரோனா பிளாஸ்மா வெளியேற்றங்களோடுதான் வருகிறது.

இந்த வடக்கு தெற்குக் கூறைத்தான் விண்வெளி வானிலைத் தளங்கள் பி-இசட் என்ற பெயரில் காட்டுகின்றன. எண் பிளஸாக இருந்தால் வடக்கு, மைனஸாக இருந்தால் தெற்கு.

பூமியின் பக்கம்: எல்லை எங்கே விழுகிறது

சூரியக் காற்று மோதும் அழுத்தமும் பூமியின் காந்த அழுத்தமும் எங்கே சமமாகின்றனவோ அங்கே காந்தமண்டலத்தின், அதாவது பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியின், எல்லை விழும். சூரியனைப் பார்த்த பக்கத்தில் அது பூமியின் மையத்திலிருந்து சுமார் 10 பூமி ஆரம் தொலைவில் இருக்கிறது. ஒரு பூமி ஆரம் என்பது 6,371 கி.மீ. அதற்கும் முன்னால், 13 முதல் 15 ஆரத்தில், ஒலியை மிஞ்சும் விமானத்தின் முன் உருவாவது போன்ற அதிர்வலை ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டும் காற்று வேகம் குறைந்து, சூடேறி, அதிகபட்சம் நான்கு மடங்கு வரை இறுகி, எல்லையைச் சுற்றி விலகி ஓடுகிறது. கூடவே வரும் காந்தக் கோடுகள் எல்லையின் மேல் துணி போர்த்தியதுபோல் படிகின்றன.

எல்லை எவ்வளவு எளிதில் நகரும்? பூமியின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. காந்த அழுத்தம் புலத்தின் இருமடியாக இருப்பதால் ஆறாம் அடுக்கில் குறைகிறது. அதனால் எல்லையின் தூரம், காற்றழுத்தத்தின் ஆறாம் படிமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் மாறும். அழுத்தம் இரண்டு மடங்கானால் எல்லை 11 சதவீதம் மட்டுமே உள்ளே வரும். வேகம் இருமடங்காகி அடர்த்தி நான்கு மடங்கானால் அழுத்தம் 16 மடங்கு. அப்போது 10 ஆரத்தில் இருந்த எல்லை 6.3 ஆரத்துக்கு வரும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றும் தூரம் 6.6 ஆரம். அதாவது நண்பகல் பக்கத்தில் இருக்கும் செயற்கைக்கோள்கள் அந்த நேரத்தில் காந்தமண்டலத்துக்கு வெளியே நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, 16 மடங்கு அழுத்தமும் எல்லையை நெருக்கியதே தவிர உடைக்கவில்லை. வெறும் இடியால் கதவு திறக்காது.

காற்று ஏன் நேராக உள்ளே வர முடியாது

பிளாஸ்மா மிகச் சிறந்த மின்கடத்தி. அப்படிப்பட்ட கடத்தியில் துகள்களும் காந்தக் கோடுகளும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே நகரும். ஹன்னெஸ் ஆல்ஃப்வேன் 1940-களில் வகுத்த 'உறைந்த புலம்' கோட்பாடு இதுதான். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பிளாஸ்மா இயற்பியலுக்குத்தான்.

நூலில் கோத்த மணிகளை நினைத்துக்கொள்ளலாம். காந்தக் கோடு நூல், துகள்கள் மணிகள். மணி தன் நூலின் போக்கில் வழுக்கலாம். வேறு நூலுக்குத் தாவ முடியாது. சூரிய நூல்களின் மணிகள் அவற்றிலேயே கிடக்கும், பூமி நூல்களின் மணிகளும் அப்படியே. இந்தக் கோட்பாடு எல்லா இடத்திலும் முழுதாகப் பொருந்தினால், சூரியக் காற்று பூமியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். துருவ ஒளியும் இருக்காது, புயலும் இருக்காது.

பொருந்தாத இடம் ஒன்று உண்டு.

மீளிணைப்பு: முடிச்சு மாறும் இடம்

பூமியின் காந்தக் கோடுகள் தென் அரைக்கோளத்திலிருந்து வெளிவந்து வட அரைக்கோளத்துக்குள் நுழைகின்றன. எனவே சூரியனைப் பார்த்த எல்லையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, பூமியின் புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. அதன்மேல் வந்து அழுந்தும் சூரியப் புலமும் வடக்கு நோக்கியிருந்தால் இரண்டும் ஒரே திசை. பக்கத்தில் பக்கத்தில் படிந்து கிடக்கும். தெற்கு நோக்கியிருந்தால் நேரெதிர்த் திசைகள் ஒட்டிக்கொள்கின்றன.

எதிர்த்திசைப் புலங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய மின்னோட்டத் தாள் உருவாகும். காற்று தள்ளத் தள்ள அது மெலிந்துகொண்டே போகும். தாளின் தடிமன் சில பத்து கி.மீ. அளவுக்கு இறங்கும்போது புரோட்டான்கள் கோட்டோடு இருந்த பிடியை விடுகின்றன. அதற்குள்ளே ஒரு சில கி.மீ. அகலமுள்ள இன்னும் சிறிய பகுதியில் எலக்ட்ரான்களும் பிடியை விடுகின்றன. அங்கே நூல்கள் அறுந்து குறுக்காக முடிச்சுப் போடப்படுவதுபோல் ஆகிறது: சூரியக் கோட்டின் ஒரு பாதி பூமிக் கோட்டின் ஒரு பாதியோடு சேர்ந்துகொள்கிறது. இதுதான் காந்த மீளிணைப்பு. இப்போது ஒரே நூல் ஒரு முனையில் பூமியிலும் மறு முனையில் விண்வெளியிலும் இருக்கிறது. அதன் வழியே மணிகள் தாராளமாக வழுக்கி உள்ளே வரலாம்.

உவமை இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தரலாம். காந்தக் கோடு என்பது புலத்தின் திசையைக் காட்ட நாம் வரையும் கோடுதான். அறுவதற்கு அங்கே பொருள் எதுவும் இல்லை. உண்மையில் நடப்பது, புலத்தின் அமைப்பு மாறி, அதில் தேங்கியிருந்த ஆற்றல் துகள்களின் வேகமாகவும் வெப்பமாகவும் மாறுவது.

இவ்வளவு சிறிய இடத்தில் நடப்பதை நேரில் அளப்பது நெடுநாள் முடியாமல் இருந்தது. 2015-இல் ஏவப்பட்ட நாசாவின் எம்.எம்.எஸ். திட்டத்தின் நான்கு விண்கலங்கள் ஒன்றுக்கொன்று 10 கி.மீ. அளவு இடைவெளியில் கூட்டாகப் பறந்தன. எலக்ட்ரான் ஓட்டத்தை 30 மில்லி வினாடிக்கு ஒருமுறை படம்பிடித்தன. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று அவை எலக்ட்ரான்கள் பிடியை விடும் அந்தப் பகுதிக்குள்ளேயே புகுந்து சென்றன.

அவ்வப்போது செய்திகளில் வரும் 'பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல்' என்ற தலைப்பு இந்த மீளிணைப்பைத்தான் சொல்கிறது. விரிசல் என்பது பொருத்தமில்லாத சொல். எதுவும் பழுதாகவில்லை, தெற்குப் புலம் வரும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது, புலம் திரும்பியதும் அடங்கிவிடுகிறது.

டஞ்சி சுழற்சி

1961-இல் ஜேம்ஸ் டஞ்சி இந்த மீளிணைப்பை ஒரு முழுச் சுழற்சியாக விளக்கினார். படிப்படியாகச் சொன்னால்:

1. பகல் பக்க எல்லையில் தெற்கு நோக்கிய சூரியக் கோடும் பூமிக் கோடும் இணைந்து, ஒரு முனை திறந்த இரண்டு கோடுகள் உருவாகின்றன. ஒன்று வட துருவப் பகுதியில் கால் ஊன்றியிருக்கும், மற்றொன்று தென் துருவப் பகுதியில்.

2. அந்தக் கோடுகளின் வெளி முனையைச் சூரியக் காற்று வினாடிக்கு 400 கி.மீ. வேகத்தில் இழுத்துக்கொண்டு போகிறது. பூமியில் ஊன்றிய காலும் கூடவே துருவத்தின் மேலே பகலிலிருந்து இரவுப் பக்கம் நகர்கிறது; ஆனால் வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில்தான்.

3. இழுபட்ட கோடுகள் இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாகச் சேர்கின்றன. கால் துருவப் பகுதியின் 4,200 கி.மீ. அகலத்தை வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டால் சுமார் 4 மணி நேரம் ஆகும். அதற்குள் மறு முனை 55 லட்சம் கி.மீ.க்கும் அப்பால் போய்விடும். சந்திரனின் தூரம் 3.84 லட்சம் கி.மீ.தான் என்பதை வைத்துப் பார்த்தால் வால் எவ்வளவு நீளம் என்பது புரியும்.

4. வாலின் மேல் பாதியில் புலம் பூமியை நோக்கியும், கீழ்ப் பாதியில் பூமியிலிருந்து விலகியும் இருக்கிறது. மறுபடியும் எதிர்த்திசைகள். நடுவே உள்ள தாள் மெலிந்து இரண்டாவது மீளிணைப்பு நடக்கிறது.

5. மூடிய கோடுகள் ரப்பர் பட்டைபோல் பூமியை நோக்கிச் சுருங்கி, பக்கவாட்டில் சுற்றி, மீண்டும் பகல் பக்கத்துக்கு வருகின்றன.

முன்பக்கம் திறக்கும் அளவுக்குப் பின்பக்கம் உடனுக்குடன் மூடினால் காந்தமண்டலம் சமநிலையில் சுழன்றுகொண்டிருக்கும். அப்படி ஆவது அரிது. பொதுவாக முன்பக்கம் திறந்து 30 முதல் 60 நிமிடம் வரை வாலில் கோடுகள் குவிந்துகொண்டே இருக்கும். பிறகு சட்டென்று ஒரே மூச்சில் பின்பக்கம் மூடும். இதுதான் துணைப்புயல். அமைதியாக வளைந்து கிடந்த துருவ ஒளி சில நிமிடங்களில் வெடித்துப் பரவி ஆடுவது இந்தக் கட்டத்தில்தான். பி-இசட் தெற்கே திரும்பியதும் வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்ப்பவர்கள் ஏமாறுவதற்கும் இந்தத் தாமதமே காரணம்.

எத்தனை ஆற்றல் உள்ளே வருகிறது

காந்தப்புலத்தோடு நகரும் காற்று, பூமியோடு நிற்பவரின் பார்வையில் ஒரு மின்புலமாகத் தெரியும். கணக்கு எளிது: வேகத்தை கி.மீ.யிலும் தெற்குக் கூறை நானோடெஸ்லாவிலும் எடுத்துப் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று வரும். 400 கி.மீ. வேகம், 5 நானோடெஸ்லா தெற்கு என்றால் 2 மில்லிவோல்ட்.

மிகச் சிறியதுதான். ஆனால் காந்தமண்டலத்தின் குறுக்களவு சுமார் 30 பூமி ஆரம், அதாவது 19 கோடி மீட்டர். பெருக்கினால் 3.8 லட்சம் வோல்ட். துருவப் பகுதியின் குறுக்கே உண்மையில் அளக்கப்படும் மின்னழுத்தம், அமைதியான வேளையில் சில பத்தாயிரம் வோல்ட், புயலில் ஒரு லட்சத்துக்கு மேல். அதாவது வந்து மோதும் தெற்குக் கோடுகளில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் இணைகின்றன. மற்றவை வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய்விடுகின்றன. புயல் மிகக் கடுமையாகும்போது இந்த மின்னழுத்தம் இரண்டு லட்சம் வோல்ட்டைத் தாண்டியதும் ஏறத் தயங்குகிறது. வெளியே பி-இசட் இரண்டு மடங்கானால் உள்ளேயும் இரண்டு மடங்காகும் என்ற கணக்கு அங்கே உதவாது.

ஆற்றலாகப் பார்த்தாலும் இதே கதைதான். வழக்கமான காற்று காந்தமண்டலத்தின் முகப்பில் கொண்டுவந்து கொட்டும் இயக்க ஆற்றல் வினாடிக்கு 7 லட்சம் கோடி ஜூல் அளவு. உள்ளே வருவது அதில் சில சதவீதத்துக்கு மேல் போவதில்லை.

திசையின் பங்கைக் கணக்கில் சேர்க்க 'கடிகாரக் கோணம்' என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். சூரியனை நோக்கி நின்று பார்க்கும்போது புலம் நேர் வடக்காக இருந்தால் 0 டிகிரி, நேர் தெற்காக இருந்தால் 180. 1970-களின் இறுதியில் பெரோ, அகாசோஃபு இருவரும் முன்வைத்த எப்சிலான் சூத்திரத்தில் பாதிக் கோணத்தின் சைன் நான்காம் அடுக்கில் வருகிறது. அதன்படி நேர் தெற்குக்கு 1 என்றால், 135 டிகிரிக்கு 0.73, பக்கவாட்டில் 90 டிகிரிக்கு 0.25, 45 டிகிரிக்கு வெறும் 0.02. அடுக்கு எவ்வளவு என்பதில் பின்னால் வந்த சூத்திரங்கள் வேறுபடுகின்றன. 2007-இல் நியூவெல் குழு தந்தது 8/3 என்கிறது. ஆனால் வடக்கில் மூடி, தெற்கில் திறக்கும் இந்த வாயில் எல்லாச் சூத்திரத்திலும் இருக்கிறது.

புயலாக மாறுவது எப்போது

துணைப்புயல் ஒரு சில மணி நேரச் சமாச்சாரம். காந்தப்புயல் வேறு. தெற்குப் புலம் மணிக்கணக்கில் விடாமல் நீடிக்கும்போது, வாலிலிருந்து தள்ளப்படும் அயனிகள் பூமியைச் சுற்றி 3 முதல் 7 ஆரம் தொலைவில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. புரோட்டான்கள் மேற்காகவும் எலக்ட்ரான்கள் கிழக்காகவும் சுற்றுவதால் மேற்கு நோக்கிய மின்னோட்டம் பிறக்கிறது. இதன் காந்தப்புலம் தரையில் உள்ள பூமியின் புலத்துக்கு எதிராக இருப்பதால், நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் காந்தப்புலம் சற்றே குறையும். அந்தக் குறைவுதான் டிஎஸ்டி. ககியோகா, ஹொனலுலு, சான் ஹுவான், ஹெர்மானஸ் ஆகிய நான்கு நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு மணிக்கொருமுறை அது கணக்கிடப்படுகிறது.

வளையம் நிரம்புவதும் வடிவதும் தொட்டியில் நீர் விழுந்து ஒழுகுவதுபோல். மின்புலம் மீட்டருக்கு 0.5 மில்லிவோல்ட்டைத் தாண்டினால்தான் நிரம்பவே ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிவோல்ட்டுக்கும் டிஎஸ்டி மணிக்குச் சுமார் 4.4 நானோடெஸ்லா இறங்கும். 800 கி.மீ. வேகம், 20 நானோடெஸ்லா தெற்கு என்று ஒரு மேகம் வந்தால் 16 மில்லிவோல்ட்; மணிக்கு ஏறக்குறைய 68 நானோடெஸ்லா சரிவு. இன்னொரு பக்கம் ஒழுகலும் நடந்துகொண்டிருப்பதால், குறுகிய நேரத் தெற்குப் புலம் எவ்வளவு பலமாக இருந்தாலும் பெரிய புயலைக் கட்டி எழுப்புவதில்லை. மைனஸ் 100-ஐத் தாண்டும் கடும் புயல்களுக்கு, பி-இசட் மைனஸ் 10-க்குக் கீழே குறைந்தது 3 மணி நேரம் நிலைக்க வேண்டும் என்பது 1987-இல் கொன்சாலெஸ், சுருதானி இருவரும் கண்ட நடைமுறை விதி.

வடக்கு நோக்கியிருந்தால் ஒன்றுமே இல்லையா

முழுதாக இல்லை என்று சொல்ல முடியாது. வடக்கு நோக்கிய சூரியக் கோடுகள், துருவங்களுக்குப் பின்னால் இழுபட்டுக் கிடக்கும் வால் கோடுகளோடு இணைகின்றன. எல்லையின் இரு விலாக்களிலும் வேகமான காற்று உரசிச் செல்வதால், நீர்மேல் காற்று அலை எழுப்புவதுபோல் சுழல்கள் உருவாகின்றன. 2004-இல் வெளியான கிளஸ்டர் விண்கல அளவீடுகள் அவை சுருண்டு பிளாஸ்மாவை உள்ளே கொண்டுவருவதைக் காட்டின. இப்படி வருவது குளிர்ந்த, அடர்ந்த பிளாஸ்மா. அது வாலில் தேங்கிக் கிடக்கும். பிறகு புலம் தெற்கே திரும்பினால், தேங்கியது புயலுக்குக் கைச்சரக்காகிறது.

முன்னறிவிப்பு எங்கே தடுமாறுகிறது

சூரியனில் வெடிப்பு நடந்ததும் அதன் வேகம், அகலம், கிளம்பிய திசை எல்லாவற்றையும் கரோனா படங்களிலிருந்து கணிக்கலாம். எப்போது வரும் என்று ஏறக்குறைய 10 மணி நேரப் பிழையோடு சொல்லலாம். மேகத்துக்குள் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் படம் காட்டாது.

சி.எம்.இ. மேகத்தின் உட்பகுதி பெரும்பாலும் முறுக்கிய கயிறு போன்றது. அது கடந்துபோகும் ஒரு நாள் அளவில் பி-இசட் தெற்கிலிருந்து வடக்குக்கோ, வடக்கிலிருந்து தெற்குக்கோ மெல்லத் திரும்பும். சில கயிறுகள் கவிழ்ந்து கிடப்பதால் கடைசிவரை ஒரே பக்கம் பார்க்கும். 1972 ஆகஸ்ட் மேகம் பெரும்பாலும் வடக்கு நோக்கியிருந்தது; அதன் வேகம் வீணாய்ப்போனது அதனால்தான். 2015 மார்ச் மேகம் நீண்ட நேரம் தெற்கில் நின்றது. கயிற்றுக்கு முன்னால் அது வாரிக்கொண்டு வரும் இறுகிய காற்றிலோ புலம் நிமிடத்துக்கு நிமிடம் தாறுமாறாகத் துள்ளும்.

எனவே உறுதியான விடை, பூமியிலிருந்து சூரியப் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில், விண்கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரக்கூடிய இடமான எல்1 புள்ளியைச் சுற்றும் விண்கலங்களைக் காற்று தொடும்போதுதான் கிடைக்கிறது. 1997-இல் ஏவிய ஏ.சி.இ., 2015-இல் ஏவிய டிஸ்கவர், 2024 ஜனவரி 6 அன்று அங்கே நிலைகொண்ட ஆதித்யா எல்1 ஆகியவை அப்படிப்பட்டவை. காற்று 400 கி.மீ. வேகத்தில் வந்தால் அங்கிருந்து பூமிக்கு 62 நிமிடம், 800 கி.மீ. என்றால் 31 நிமிடம். காற்று எவ்வளவு வேகமோ, எச்சரிக்கை நேரமும் அவ்வளவு குறைவு.

நேரடித் தரவை வாசிக்கும் முறை

1. முதலில் ஆய அச்சைப் பாருங்கள். பி-இசட் இரண்டு வகையில் தரப்படும், ஜி.எஸ்.எம். என்பது பூமியின் காந்த அச்சுக்கு ஏற்பத் திருப்பியது, ஜி.எஸ்.இ. பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை வைத்தது. இணைப்பைக் கணிக்க முதலாவதே சரி. படுத்துக் கிடக்கும் சுருள் புலத்துக்கும் சாய்ந்த காந்த அச்சில் ஒரு தெற்குக் கூறு கிடைக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி இது அதிகம். அந்த மாதங்களில் காந்தக் குழப்பம் கூடுவதற்கு 1973-இல் ரசல், மெக்ஃபெரான் தந்த விளக்கம் இதுதான்.

2. மொத்தப் புல வலிமையைப் பாருங்கள். பி-இசட் அதைத் தாண்டவே முடியாது. மொத்தமே 6 நானோடெஸ்லா என்றால் கடும் புயலை எதிர்பார்க்க இடமில்லை. 30 என்றால், இப்போது வடக்காக இருந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது.

3. பி-இசட் எவ்வளவு இறங்கியது என்பதைவிட எவ்வளவு நேரம் இறங்கியே இருந்தது என்பது முக்கியம்.

4. வேகத்தோடு பெருக்கி மின்புலத்தைக் கணக்கிடுங்கள்.

5. அடர்த்தி திடீரென ஏறினால் எல்லை நெருங்குகிறது என்று பொருள். அது மட்டும் புயல் ஆகாது.

6. தரவு பிழைக்கும் இடத்தை அறிந்திருங்கள். சூரியப் புரோட்டான் மழை பலமாக அடிக்கும்போது வேகத்தையும் அடர்த்தியையும் அளக்கும் துகள் கருவிகள் திணறி, பொருந்தாத எண்களைத் தரலாம்; காந்தமானி அந்த மழையில் பாதிக்கப்படாது. மேலும் எல்1 விண்கலம் நேர்கோட்டிலிருந்து சில லட்சம் கி.மீ. விலகிச் சுற்றுவதால், அது கண்ட அதே புலம் அப்படியே பூமியைத் தொடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்பதை 0 முதல் 9 வரை காட்டும் கேபி குறியீட்டை நேரடி நிலவரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மூன்று மணி நேரத் தொகுப்பு. கேபி 8 என்று பார்க்கும்போது அந்தக் கொந்தளிப்பில் பெரும்பகுதி முடிந்திருக்கலாம்.

தரையிலும் வானிலும் என்ன ஆகிறது

உள்ளே வந்த ஆற்றலில் பெரும்பகுதி துருவப் பகுதிகளின் மேல்வளியைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழும்பி, தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களின்மேல் உராய்வைக் கூட்டுகிறது. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40 இப்படி இழக்கப்பட்டன. அவை இருந்த உயரம் சுமார் 210 கி.மீ.; அன்று வீசியது சிறு புயல்தான்.

மின்தொகுப்புகளுக்கு ஆபத்து டிஎஸ்டி அளவிலிருந்து நேரடியாக வருவதில்லை. தரையில் காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அந்த அளவுக்கு நிலத்தில் மின்புலம் தூண்டப்படும். அது நீண்ட மின்தடங்கள் வழியாக மின்மாற்றிகளுக்குள் நேர்மின்னோட்டம் போன்ற ஒன்றைச் செலுத்தி, அவற்றின் இரும்பு உள்ளகத்தை ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம், அதற்குமேல் காந்தமேற முடியாத நிறைவு நிலைக்குக் கொண்டுபோகும். மின்மாற்றி சூடாகும், மின்னலையின் வடிவம் கெடும், பாதுகாப்புச் சாதனங்கள் தவறாகத் துண்டிக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மின்தொகுப்பு ஒன்றரை நிமிட அளவில் முழுதும் சரிந்தது. 60 லட்சம் பேர் 9 மணி நேரம் வரை மின்சாரமின்றி இருந்தார்கள். அந்தப் புயலில் டிஎஸ்டி மைனஸ் 589.

விரைவான மாற்றத்துக்குத் தெற்குப் புலம் கட்டாயம் இல்லை; எல்லை திடீரென நெருக்கப்படுவதும் அதைச் செய்யும். 1972 ஆகஸ்ட் 4 மேகம் பெரும் புயலை எழுப்பவில்லை என்றாலும், அது மோதிய அன்று வட வியட்நாம் கடற்கரையை ஒட்டி அமெரிக்கா நீருக்கடியில் போட்டிருந்த கண்ணிவெடிகள், கப்பல் எதுவும் அருகில் வராமலேயே அடுத்தடுத்து வெடித்தன. அவற்றின் உணரிகள், கப்பலின் இரும்பு உடல் கடக்கும்போது காந்தப்புலத்தில் உண்டாகும் மாற்றத்துக்காகக் காத்திருந்தவை.